உபதேசியாருக்கு எதிராகக் கேள்வி கேட்டவர்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அந்தச் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது. மகள் என் மடியில் தலை வைத்து, ஊசி போட்ட இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு படுத்திருந்தாள். முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த நிலக்கடலை வியாபாரி அப்பாண்டை நைனார் திரும்பிப் பார்த்தார்.

"உங்க பேய் வக்கீல் சாமியாரு பூட்டாராமே, தெரியுமாம்மா?"

"யாரு? ஞானாதிக்கம் சாமியா?"

"அவருதான். வயித்துல கட்டியாம். ரொம்ப நாளா படுக்கையாம். அடக்கமே முடிஞ்சி போச்சி. திண்டிவனத்துல உங்க கோயிலாண்ட கடை வெச்சிருக்கிறவன் சொன்னான்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மனுசன் நல்லவருதான். ஆனா ஊருக்குக் கெடைக்க இருந்த சாமியத் தட்டி வுட்டுட்டாரே. பாப்பாவுக்கு இன்னா, அழுவுது?"

"தடுப்பூசிங்க."

"மாசா மாசம் இன்னாம்மா தடுப்பூசி!" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நான் அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். செஞ்சியில் இறங்கும்வரை மகளின் தலையைத் தடவிக்கொண்டே வந்தேன்.

இதைத் தாமதமாகத்தான் எழுதுகிறேன். சுவாமிக்கு முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. நம் திருச்சபையின் இந்தப் பத்திரிகையிலும் அவரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்தது. பிறந்த ஊர், குருப்பட்டம் பெற்றது, வேலை பார்த்த பங்குகள், குருமடத்தில் பாடம் சொன்னது எல்லாம் அதில் இருந்தன. செஞ்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர் வேண்டுமென்று விட்டிருக்கமாட்டார். அங்கே அவர் செய்த வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது சத்தியப் பிரமாணம். நானும் அந்தப் பிரமாணம் செய்தவள்தான். ஆனால் விசாரணை அறைக்கு வெளியே நடந்தவை என்னுடையவை. அவற்றைச் சொல்ல எனக்குத் தடை இல்லை.

உங்களில் பலருக்கு அவர் ஆசிரியர். சிலருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு. எங்கள் ஊருக்கு அவர் பேய் வக்கீல். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சவரிராயன் உபதேசியார் என்று ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார், பிள்ளைகளுக்கு ஜெபமும் வேதபாடமும் சொல்லிக்கொடுத்தவர். நான் இங்கே மருமகளாக வருவதற்கு வெகு காலத்துக்கு முந்தியவர். காலரா வந்தபோது, தொடப் பயந்து எல்லோரும் விலகிப் போன வீடுகளுக்குள் அவர் போனார். கஞ்சி கொடுத்தார், துணி துவைத்தார், செத்தவர்களைத் தூக்கினார். சாதி பார்க்கவில்லை, கோயில் பார்க்கவில்லை. கடைசியில் அதே காலராவில் போய்ச் சேர்ந்தார். சிங்கவரம் போகும் பாதையில் இருக்கும் அவருடைய கல்லறைக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். சமணரான அப்பாண்டை நைனாரின் தகப்பனாரைப் பிழைக்க வைத்தவர் உபதேசியார்தான். அதனால் எங்களைவிட நைனாருக்குத்தான் அந்தக் கல்லறைமேல் உரிமை அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

உபதேசியாரை அர்ச்சியசிஷ்டராக அறிவிக்கவேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். இப்போது புனிதர் என்று சொல்கிறோமே, அதுதான். ஒருவர் நல்லவர் என்று ஊர் சொன்னால் மட்டும் திருச்சபை அப்படி அறிவித்துவிடாது. முதலில் மேற்றிராணியார், அதாவது ஆயர், விசாரணைக்குக் குருக்களை நியமிப்பார். நீதிபதி போல ஒருவர். சாட்சிகள் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர். மூன்றாமவருடைய வேலை எதிர்ப்பது. 'இவரிடம் குறை என்ன? கோபக்காரரா? பெருமைக்காகச் செய்தாரா? அற்புதம் என்கிறீர்களே, அது தானாக நடந்திருக்கக்கூடாதா?' என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அவர் இல்லாமல் விசாரணை நடந்தால் அன்றைய சாட்சியம் செல்லாது. ரோமாபுரியிலேயே இந்த உத்தியோகத்தைச் சாத்தானின் வக்கீல் என்று கேலியாகச் சொல்லும் வழக்கம் உண்டாம். எங்கள் ஊர் அதைப் பேய் வக்கீலாக ஆக்கிக்கொண்டது.

அந்த மூன்றாவது ஆளாகத்தான் ஞானாதிக்கம் சுவாமி செஞ்சிக்கு வந்தார்.

விசாரணைக்காரர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊரார் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை அலங்கரிப்பதுபோலக் கல்லறையை அலங்கரித்துவிட்டார்கள். நைனார் தன் செலவில் தகரக் கொட்டகை போட்டார். பித்தளைக் குத்துவிளக்கு வந்தது. சினிமா விளம்பரம் எழுதுகிறவரைக் கொண்டு உபதேசியாரின் படத்தைப் பெரிதாக வரைந்து, தலைக்குப் பின்னால் மஞ்சளாக ஒளிவட்டம் போட்டார்கள். 'அர்ச்சியசிஷ்ட சவரிராயர் ஆலயம்' என்று பலகை எழுதி மாட்டினார்கள். பக்கத்து வேப்பமரத்தில் பிள்ளை வரம் கேட்ட பெண்கள் கட்டிய மஞ்சள் துணித் தொட்டில்கள் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தன.

சுவாமி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கேதான் வந்தார். ஒல்லியான மனிதர். அங்கியின் ஓரத்தில் செம்மண். கொட்டகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த வட்டத்த யாரு போட்டது?"

"நான்தான் போடச் சொன்னேன்" என்றார் நைனார், பெருமையாக. "எல்லாச் சாமி படத்துலயும் இருக்குது. இவர மட்டும் மொட்டையா வுடலாமா?"

"எடுத்துடணும். பலகை, வெளக்கு, தொட்டிலு எல்லாத்தையும் எடுத்துடணும்."

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. சுவாமி கையமர்த்திவிட்டுச் சொன்னார்: "திருச்சபை பார்த்துச் சொல்றதுக்கு முன்னாடி நாமே கோயில் கட்டி வெளக்கு வெச்சிட்டா, அவருக்கு நாமளே கதவ மூடினா மாதிரி. இங்க பொதுவுல வழிபாடு எதுவும் நடக்கலன்னு நான் எழுதிக் குடுக்கணும். அத எழுதிக் குடுத்தாதான் காகிதம் ரோமாபுரிக்கு நகரும். இத வெச்சிக்கினு நான் இன்னா எழுதறது?"

நைனாருக்கு மனசு ஆறவில்லை. "எங்க தொண்டூரு மலையில முனிவருங்க படுத்த கல்லு இருக்குது, சாமி. அவங்களுக்கு எந்த ஆபீசும் சர்ட்டிபிகேட்டு குடுக்கல. நாங்க கும்புடாமயா இருக்கோம்?"

"உங்க முனிவருங்க குடுத்து வெச்சவங்க, நைனாரே. எங்க ஆளு என் கையில வந்து மாட்டிக்கினாரு."

நைனாரே சிரித்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு பெண், "நீ அவரக் கும்புட மாட்டியா சாமி?" என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதிலைப் பலர் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. "தெனமும் வேண்டிக்கிறேம்மா. மனசுக்குள்ள. அதுக்கு யாரு உத்தரவும் வேணாம். ஊர் கூடி வெளக்கு வெக்கறதுக்குத்தான் உத்தரவு வேணும்."

ஏணி போட்டுத் தொட்டில்களை அவரே அவிழ்த்தார். ஒன்றைக்கூடக் கீழே போடவிடவில்லை. ஒவ்வொன்றையும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "யாரோ ஒருத்தி வயித்துல ஏக்கத்தோட கட்டினது இது, மண்ணுல படக்கூடாது" என்றார். மொத்தத்தையும் நைனாரிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் விசாரணைக்குப் பெரிய சாட்சியம் என்று ஊரே நம்பியிருந்தது.

அப்போது அவளுக்கு ஆறு வயது. தொண்டை வலியில் ஆரம்பித்துக் காய்ச்சல் வந்தது. பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் முழங்கை. போர்வை பட்டாலே அலறுவாள். எங்கள் ஊர் வைத்தியர் கொடுத்த மாத்திரைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் பி.ஏ. படித்தவள், படிப்பு அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை. மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கின் கீழ் விரலை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமியார்தான் அவளைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போய், அந்த மண்ணைக் குழைத்து மூட்டுகளில் பூசிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை மகள் தானாக எழுந்து அடுப்பங்கரைக்கு நடந்து வந்து, "பசிக்குதும்மா" என்றாள். அந்தக் குரலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தெரு முழுக்கக் கூடிவிட்டது.

கல்லறையைப் பார்த்த மறுநாள் சுவாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். விசாரணை தொடங்குமுன் யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தயார் செய்வது அவர் பொறுப்பு. என் கணவர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். மாமியார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பாப்பா, உம் பேரு இன்னா?"

"பிலோமினா."

அவர் ஒரு கணம் தயங்கினார். மாமியார் விடவில்லை. "அந்தப் பேரையும் ரோமாபுரியில எடுத்துட்டாங்கன்னு பேசிக்கிறாங்களே, சாமி. அர்ச்சியசிஷ்டராவே ஆனவங்கள எப்படி எடுப்பாங்க?"

எனக்கும் அந்தக் கவலை மனதுக்குள் இருந்தது. பெயரை மாற்றவேண்டுமோ, மாற்றாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமோ என்று.

"காலண்டர்லேர்ந்து திருநாள எடுத்திருக்காங்க. அவங்களப் பத்தி நமக்கு நிச்சயமா தெரிஞ்சது ரொம்பக் கொஞ்சம், அதனால எடுத்தாங்க. பேரு நல்ல பேரு. மாத்த வேணாம்" என்றார். மகளைப் பார்த்து, "நீ நல்லா வளந்து, அந்தப் பேருல ஒரு நிச்சயமான ஆளா இரு. சரியா?" என்றார். அவள் தலையாட்டினாள்.

பிறகு கேள்விகள். எந்த மாத்திரை, எத்தனை நாள், எப்போது நிறுத்தினோம், மண் பூசிய அன்றும் மாத்திரை கொடுத்தோமா? ஒரு குணம் அற்புதம் என்று கருதப்படவேண்டுமானால் அது மருந்தால் ஆனதாக இருக்கக்கூடாது, சட்டென்று ஆகியிருக்கவேண்டும், முழுமையாக ஆகியிருக்கவேண்டும், நோய் திரும்பக்கூடாது என்று விளக்கினார்.

"முழுசாதான் குணமாயிட்டா, சாமி" என்றேன்.

"முழுசாவான்னு யாரு பாத்தது?"

"ஓடுறா, ஆடுறா. கண்ணால பாக்கறோமே."

"நீ பாக்கறது முட்டிக்கால. உள்ள இருக்கறத யாரு பாத்தது? எந்த டாக்டரு காத வெச்சிக் கேட்டாரு?"

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சாமி, சாமியாரா வந்திருக்கீங்களா, போலீசா வந்திருக்கீங்களா? ஆண்டவர் குடுத்தத டாக்டரு கிட்ட காட்டிக் கையெழுத்து வாங்கணுமா?"

"ஆண்டவர் குடுத்ததா இருந்தா, டாக்டரு பாத்தா போயிடாதும்மா."

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் சண்டை. காட்டினால் அவிசுவாசம் என்றார் மாமியார். அவரைக் குறை சொல்லமாட்டேன்; எனக்கும் அதே பயம்தான். உள்ளங்கையில் பொத்தி வைத்திருப்பதை விரித்துப் பார் என்றால் எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? விரித்தால் பறந்துவிடுமோ என்றுதான் நடுங்கினேன். ஆனால் அவர் கேட்டுவிட்டுப் போன கேள்வி போகவில்லை. மகள் தூங்கும்போது மார்பில் காதை வைத்துக் கேட்டேன். எனக்கு என்ன தெரியும்? அடித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

போகலாம் என்று முடிவு செய்ததும் சுவாமியும் எங்களோடு பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். பஸ்ஸில் மகளுக்குக் கோட்டைக் கதைகள் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் வாந்தி எடுத்தபோது துடைக்கத் தன் மேல்துண்டைக் கொடுத்தார்.

பரிசோதித்தவர் ஒரு லேடி டாக்டர். மகளை உட்கார வைத்துக் கேட்டார், படுக்க வைத்துக் கேட்டார், பிறகு இடது பக்கமாக ஒருக்களிக்கச் சொல்லி வெகு நேரம் கேட்டார். இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவரும் கேட்டார். ஒன்றும் இல்லாத பிள்ளையை இரண்டு பேர் கேட்கமாட்டார்கள் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. சுவாமி கதவோரம், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

அந்தக் காய்ச்சல் மூட்டுகளை விட்டுத் தானாகவே போய்விடுமாம். போகும்போது இதயத்தைத் தொட்டுவிட்டுப் போகுமாம். உள்ளே ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றார் டாக்டர். "இன்னொரு தடவை அந்தக் காய்ச்சல் வந்தா இன்னும் கெட்டுப்போகும். மறுபடி மறுபடி வந்தா நாங்க ஒண்ணும் செய்ய முடியாம போயிடும். மாசா மாசம் பென்சிலின் ஊசி போட்டா வராம தடுக்கலாம். அவ பெரியவளாகற வரைக்கும் ஒரு மாசம்கூட விடக்கூடாது. நல்லவேளை, இப்பவே கூட்டிட்டு வந்தீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சுவாமியின் முகத்தை அன்று பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இதை எழுத எனக்குக் கடமை இருக்கிறது. தன் ஆட்சேபணை நிரூபணமான ஒரு வக்கீலின் முகம் இல்லை அது.

"நான் தோக்கணும்னுதாம்மா வழியெல்லாம் வேண்டிக்கினு வந்தேன்" என்றார். "சுத்தமா இருக்குது, ஒண்ணும் இல்லன்னு அந்த அம்மா சொல்லியிருந்தா, என் கேள்வியெல்லாம் அங்கயே முடிஞ்சிருக்கும். சந்தோஷமா எழுதிக் குடுத்திருப்பேன்."

எனக்கு ஆத்திரம். யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். "அப்போ உபதேசியார் எம் பொண்ணுக்கு ஒண்ணுமே செய்யலியா சாமி?"

ஆறுதலுக்காக எதையாவது சொல்லிவிடும் மனிதர் இல்லை அவர். "விசாரணைக்கு இது ஆவாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தச் சொல்ல எனக்கு அறிவும் இல்ல, அதிகாரமும் இல்ல" என்றார். பெஞ்சிலிருந்து எழுந்துகொண்டே, "ஊசிய மட்டும் வுட்டுடாத" என்றார்.

பின்னால் விசாரணை நடந்தது. சுவிசேஷத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். அந்த அறைக்குள் என்ன கேட்டார்கள், என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். என் மகளின் குணம் உபதேசியாரின் அற்புதங்களில் சேரவில்லை என்பது மட்டும் உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஏன் சேரவில்லை என்பது ஊருக்குத் தெரியாது. சுவாமி குறுக்குக் கேள்வி கேட்டே கலைத்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. விளக்கை எடுத்தவர், தொட்டிலை அவிழ்த்தவர், அற்புதத்தையும் பிடுங்கிக்கொண்டார் என்று பேசினார்கள்.

அப்படிப் பேசப் போகிறார்கள் என்று அவருக்கு முன்பே தெரியும். விசாரணை முடிந்து புறப்படுமுன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாண்டிச்சேரிக்குப் போனத வெளிய சொல்லிக்காதீங்க" என்றார். "நெஞ்சுல கோளாறு உள்ள பொண்ணுன்னு இப்பவே பேரு வெச்சிட்டா, நாளைக்கு அது அவளத்தான் சுத்தும். ஊரு என்னப் பேசினா பேசட்டும். என் பேரு கெட்டா இன்னா, என்னப் பொண்ணு கேட்டு யாரு வரப் போறாங்க?"

மாமியார் அழுதுகொண்டே சிரித்தார்.

அன்று பஸ் நிலையத்தில் அவரை வழியனுப்ப யாரும் போகவில்லை. பஸ் கிளம்பும்போது யாரோ, "பேய் வக்கீலே, இனிமே இந்தப் பக்கம் வராத!" என்று கத்தினானாம். அவர் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டாராம். இதை எனக்குச் சொன்னவர்கள் அவர் முகத்தில் வெட்கமே இல்லை என்று சேர்த்துச் சொன்னார்கள்.

செஞ்சியில் ஊசி போட்டால் தெரிந்துவிடும் என்று திண்டிவனம் போனோம். அவர் சில காலம் திண்டிவனத்தில் பங்குச் சாமியாராக இருந்தபோது, ஊசி நாளில் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பார். "படி ஏறினா மூச்சு வாங்குதா? ராத்திரி தலைகாணி ஒண்ணு போதுமா, ரெண்டு கேக்கறாளா? கால் வீங்குதா?" சாட்சியைக் கேட்பதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் பதற்றக்காரி, ஒரு தும்மலுக்கே பத்து அர்த்தம் எடுப்பேன். அவருடைய கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்லிச் சொல்லித்தான், பயப்படுவது வேறு, கவனிப்பது வேறு என்று எனக்குத் தெரிந்தது.

மாற்றலாகித் தெற்கே போவதற்கு முன் கடைசியாகப் பார்த்தபோது ஒன்று சொன்னார்: "மறைக்கச் சொன்னது அவளுக்கு நல்லதுன்னு நெனச்சித்தான். அது என்னிக்குக் கெடுதலா மாறுதோ, அன்னிக்குச் சொல்லிடு. என்னக் கேட்டுக்கினு இருக்க வேணாம்."

அந்த நாள், அவர் இறந்த செய்தி வந்த சில வாரங்களில் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ராஜகிரிக் கோட்டைக்கு அழைத்துப் போனார்கள். வருஷா வருஷம் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைக் கீழேயே நிறுத்திவைப்பேன். இந்த வருஷம் வந்திருப்பவர் புது ஆசிரியை. எல்லோரும் ஏறவேண்டும் என்றார். இவளும் ஏறினாள். பாதிப் படியில் உதடு கறுத்து, பேச்சு வராமல் உட்கார்ந்துவிட்டாள். கூட வந்த பெண்கள் இரண்டு பேர் அணைத்து இறக்கிக் கொண்டுவந்தார்கள். பாவம், அந்த ஆசிரியை வெயில் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தாராம். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்?

"முடியலன்னு சொல்றதுக்கு இன்னாடி?" என்று மகளைக் கேட்டேன்.

"நீதானம்மா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்ன."

டாக்டர் பார்த்துப் பெரிதாக ஒன்றும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இதை எழுதலாமா என்று வீட்டில் கேட்டேன். "பத்திரிகையில வந்துட்டா திரும்ப வாங்க முடியாது" என்றார் கணவர். அதற்குமேல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் பயந்ததெல்லாம் மாமியாருக்குத்தான். பேத்தியின் கல்யாணத்தை இப்போதே கனவு காண்கிறவர். ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "எழுது" என்றார். "அந்த மனுசன நான் வீட்டுக்குள்ள வெச்சே போலீசுன்னு கேட்டேன். அவரு அன்னிக்கு வந்து கேக்காம இருந்திருந்தா, இவ இன்னிக்கு ஏது? உபதேசியாருதான் அவர நம்ம வீட்டுக்கு அனுப்பினாரு. அத உங்க ரோமாபுரி ஒத்துக்காது. வேணாம் போ. எனக்குத் தெரியும்."

சுவாமி இருந்திருந்தால் இதற்கும் ஓர் ஆட்சேபணை வைத்திருப்பார். மாமியாரும் விட்டிருக்கமாட்டார்.

ஆகவே, செஞ்சிக்காரர்களே, பிலோமினாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. அவளை மலை ஏறச் சொல்லாதீர்கள், ஓடச் சொல்லாதீர்கள், தண்ணீர்க் குடம் தூக்கச் சொல்லாதீர்கள். மற்றபடி அவள் உங்கள் பிள்ளைகளைப் போலத்தான். அப்பாண்டை நைனார் அவர்களே, அது தடுப்பூசிதான். ஆனால் நீங்கள் நினைத்தது இல்லை. உங்களிடமிருந்து அற்புதத்தைப் பிடுங்கியவர் என்று நீங்கள் சொல்லும் மனிதர், இவளுக்காக அந்தப் பழியை வாங்கிக்கொண்டு போனவர். அவருக்காக ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்கள்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. ஒரு படம்கூடக் கிடையாது. 'முழுசாவான்னு யாரு பாத்தது?' என்ற அந்தக் கேள்வியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சரியாகிவிட்டது என்று மனசு சொல்லும்போதெல்லாம் அதைக் கேட்டுக்கொள்கிறேன். வேண்டிக்கொள்வதையும் விடவில்லை.

எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பெயர் இதில் இருப்பதால் அவள் சம்மதமும் வேண்டும் அல்லவா? குப்புறப் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தச் சாமியாரையும் அர்ச்சியசிஷ்டர் ஆக்குவாங்களாம்மா?" என்றாள்.

"தெரியாதுடி."

"ஆக்கினா, அவருக்கு எதிரா யாரு கேள்வி கேப்பாங்க?"

யாராவது ஒரு குருவை நியமிப்பார்கள். அவர் எங்கள் வீட்டுக்கு வரட்டும். என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், நாற்காலி போடுகிறேன். ஞானாதிக்கம் சுவாமியால் உன் மகள் குணமானாளா என்று கேட்டால், இல்லை என்றுதான் சத்தியம் செய்து சொல்வேன். அவள் குணமாகவில்லை. உயிரோடு இருக்கிறாள்.